வலி தெரியாத விரல்

மருத்துவர் பால் பிராண்ட் தென்னிந்தியாவில் தொழுநோயாளர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த காலம் அது. ஒருநாள் சிகிச்சை நிலையத்தின் சாமான் அறையைத் திறக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி உள்ளே நுழைந்தது. ஆனால், திரும்ப மறுத்தது. பலங்கொண்ட மட்டும் திருகிப் பார்த்தார். விரல்தான் வலித்தது; பூட்டு அசையவில்லை. அப்போது அங்குச் சிகிச்சை பெற்றுவந்த சிறுவன் ஒருவன் சிரித்த முகத்தோடு அருகில் வந்தான். 10 வயது இருக்கலாம். சரியான ஊட்டமின்றி மெலிந்த உடல். தான் முயன்று பார்ப்பதாகச் சொல்லிச் சாவியைப் பிடித்து ஒரே திருகு திருகினான். பூட்டு திறந்துகொண்டது.

வளர்ந்த ஆள் ஒருவரால் முடியாததை இந்தச் சிறுவன் எப்படிச் செய்தான் என்று மருத்துவர் வியந்து நின்றார். தரையில் ஒரு துளி இரத்தம் கிடப்பதை அப்போதுதான் கவனித்தார். சிறுவனின் கையைப் பிடித்துப் பார்த்தார். சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு தெரியும் அளவிற்குக் கிழித்திருந்தது. அவனோ அதை அறியவே இல்லை. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்தச் சிறுவனுக்கு மருத்துவரைவிட அதிக வலிமை இருந்திருக்க வழியில்லை. மருத்துவர் சாவியைத் திருகியபோது, விரல் கிழிவதற்கு முன்பே அவருடைய நரம்புகள் ‘போதும்’ என்று சொல்லிவிட்டன. கை தானாகப் பிடியைத் தளர்த்தியது. சிறுவனின் கையில் அப்படிச் சொல்ல நரம்புகள் இல்லை. ஆகவே, தசைக்கு எவ்வளவு வலுவிருந்ததோ அவ்வளவையும் அவன் செலுத்திவிட்டான். நாள்தோறும் எத்தனையோ முறை பூட்டைத் திருகுகிறோம், புட்டியின் மூடியைத் திறக்கிறோம், பையைத் தூக்குகிறோம். ஒவ்வொரு முறையும் எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதை நமக்காக வேறொன்று அளந்துகொண்டே இருக்கிறது.

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயச் சமயத் தொண்டர்கள். இலண்டனில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராகத் திரும்பி வந்தார். தொழுநோய் தாக்கினால் சதை தானாக அழுகி, விரல்கள் உதிர்ந்துவிடும் என்று அன்று மக்கள் மட்டுமன்றி மருத்துவர் பலரும் நம்பினர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை இறுக்கிப் பிடிக்கும்படி பிராண்ட் கேட்டார். பிடி இரும்பாக இருந்தது. மருத்துவர் வலியால் துடித்தார். நோயாளிக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. அழுகிப்போன கைக்கு இவ்வளவு வலிமை எப்படி வரும்? இக்கேள்வி பிராண்டை விடவில்லை.

நோயாளிகளின் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது விடை தெளிவாயிற்று. சதை தானாக அழுகவில்லை. சூடான பாத்திரத்தைக் கையால் எடுத்தார்கள். காலணிக்குள் கிடந்த ஆணியின்மேல் நாள் முழுவதும் நடந்தார்கள். மண்வெட்டியின் பிளந்த பிடியை இறுகப் பற்றினார்கள். எதுவும் வலிக்கவில்லை. காயம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டு, விரல் சிறிது சிறிதாகக் குறைந்தது. சிலருக்கு இரவோடு இரவாக விரலின் ஒரு பகுதி காணாமற்போனது. உறங்கும்போது எலி கடித்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் பூனை மருந்தானது அநேகமாக அங்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்திருந்தார். அக்கிருமி உடலின் குளிர்ச்சியான பகுதிகளில், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. இன்று இந்நோயைக் கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணப்படுத்த முடியும். எனினும், நரம்பு அழிந்த பிறகு மருந்து உண்டால், கிருமி சாகுமே தவிர இழந்த உணர்வு எளிதில் மீள்வதில்லை.

அப்படியானால், நலமாக உள்ள உடலில் அந்நரம்புகள் செய்யும் வேலைதான் என்ன?

நம் தோலுக்குள் பல வகை நரம்பு முனைகள் இருக்கின்றன. மெல்லிய தொடுதல், அதிர்வு, தோல் இழுபடுதல் ஆகியவற்றை உணரும் முனைகள் சில. இவற்றில் பலவற்றைச் சுற்றி வெங்காயத் தோல்போன்ற அடுக்குகளோ சிறிய உறைகளோ உள்ளன. ஓர் எறும்பு ஊர்வதைக்கூட இவை சொல்லிவிடும். இவற்றிற்கிடையே, உறை எதுவுமின்றி, மரத்தின் வேர்போல் கிளைகிளையாகப் பிரிந்து, தோலின் மேலடுக்கு வரை நீண்டிருக்கும் மிக மெல்லிய முனைகளும் இருக்கின்றன. வலியைப் பற்றிய செய்தி பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகிறது.

தொடுதல் அளவு மீறினால் அதுவே வலியாகிறது என்று நெடுங்காலம் பலர் எண்ணினர். மெதுவாகத் தட்டினால் தொடுதல். ஓங்கித் தட்டினால் வலி. ஆகவே இரண்டுக்கும் ஒரே நரம்புதான் என்பது அவர்களின் கணக்கு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயினும், இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன், தீங்கை உணர்வதற்கென்றே தனி நரம்புகள் இருக்க வேண்டும் என்று கருதினார். ‘தீங்கு செய்’ எனும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அவற்றுக்கு ஒரு பெயரையும் 1906இல் வெளியான தம் நூலில் வழங்கினார். அவர் சொன்னதற்கு நேரடிச் சான்று கிடைக்க மேலும் 60 ஆண்டுகள் ஆயின. 1967இல் அமெரிக்க ஆய்வாளர்களான பர்ஜஸ், பெர்ல் இருவரும் பூனையின் தோலிலிருந்து வரும் நரம்பிழைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். சில இழைகள் தடவினாலும் மெதுவாக அழுத்தினாலும் அசைந்து கொடுக்கவில்லை. ஊசியால் குத்தும்போதும் கிள்ளும்போதும் மட்டுமே அவை செய்தி அனுப்பின. தோலுக்குக் கேடு நேரும் அளவில்தான் அவை விழித்தன. இவற்றை வலியுணர் நரம்புகள் எனலாம்.

இந்நரம்புகளுக்கு விசையின் மொத்த அளவைவிட, அது எவ்வளவு சிறிய இடத்தில் விழுகிறது என்பதே முக்கியம். நம் பூங்காக்கள் சிலவற்றில் கூழாங்கற்கள் பதித்த நடைபாதையைக் காணலாம். சமதரையில் வெறுங்காலோடு நிற்கும்போதும் அந்தக் கற்களின்மேல் நிற்கும்போதும் உடல் எடை ஒன்றுதான். ஆனால், சமதரையில் அந்த எடை பாதம் முழுவதும் பரவுகிறது. கற்களின்மேல் அது சில புள்ளிகளில் குவிகிறது. அந்தப் புள்ளிகளில் தோல் வளைகிறது, இழுபடுகிறது. பழகாதவர்கள் இரண்டு அடி வைப்பதற்குள் முகத்தைச் சுளிப்பார்கள். ஊசியில் இது உச்சத்தை அடைகிறது. விரலால் மெதுவாகத் தள்ளும் அதே விசையை ஊசி முனையில் கொடுத்தால் தோல் துளைபடும்.

தோலில் எழும் செய்தி எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஒருமுறை கால்விரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டவர் எவரும் அறிவார். கவனித்திருக்க மாட்டார், அவ்வளவுதான். இடித்த உடனே ‘சுரீர்’ என்று ஒரு கூர்மையான வலி. அது சற்று அடங்குவதுபோல் தோன்றும்போது, எரிச்சலும் குடைச்சலுமாக இரண்டாவது வலி மெல்ல எழுந்து பரவும். அடி ஒன்றுதான், செய்தியைக் கொண்டு செல்பவை இரண்டு வகை நரம்பிழைகள். முதல் வகை கொழுப்பு உறை மெல்லியதாகச் சுற்றப்பட்டவை. வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியை அனுப்புகின்றன. இரண்டாம் வகைக்கு அந்த உறை இல்லை. அவற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். கால்விரலிலிருந்து முதுகுத் தண்டுவடத்திற்கு உள்ள தூரம் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் என்று கொண்டால், முதற்செய்தி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவது செய்தி வந்து சேர ஒரு வினாடியாகும். மனிதர் நடக்கும் வேகத்தில்தான் அது வருகிறது.

இந்தக் கணக்கிலும் அண்மையில் ஒரு திருத்தம் ஏற்பட்டது. தொடுவுணர்வைக் கொண்டு செல்லும் தடித்த நரம்பிழைகளின் வேகத்திலேயே வலிச் செய்தியை அனுப்பும் இழைகளும் மனிதத் தோலில் இருப்பதைச் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டனர்.

எனினும், மூளை அறியும்வரை உடல் காத்திருப்பதில்லை. முள்ளை மிதித்தவுடன் செய்தி தண்டுவடத்தை அடைகிறது. அங்கிருந்தே காலைத் தூக்கும் தசைகளுக்குக் கட்டளை பிறந்துவிடுகிறது. அதே கணத்தில் மறுகாலின் தசைகள் விறைத்து உடல் எடையைத் தாங்கிக்கொள்ள ஆயத்தமாகின்றன. இல்லையென்றால் முள்ளிலிருந்து தப்பிய ஆள் தடுமாறி விழுவார். ‘முள் குத்திவிட்டது’ என்று மூளை உணரும்போது கால் ஏற்கெனவே தரையை விட்டு எழும்பியிருக்கும்.

அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்ப்பதற்கும் தண்டுவடத்தில் காரணம் இருக்கிறது. தேய்க்கும்போது தொடுநரம்புகளின் செய்தி அங்கு வந்து குவிந்து, வலிச் செய்தி மேலே செல்லும் வழியை ஓரளவு அடைத்துவிடுகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் விளக்கினர். அவர்களின் விளக்கத்தில் பின்னர்ப் பல திருத்தங்கள் ஏற்பட்டாலும், குழந்தையின் முட்டியைத் தடவிவிடும் தாய் செய்வது வெறும் ஆறுதல் மட்டுமன்று என்பது உறுதியாயிற்று.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் விடையின்றி நின்றது. நரம்புக்குத் தெரிந்த மொழி மின்சாரம் ஒன்றுதான். கல்லின் அழுத்தமும் ஊசியின் குத்தலும் மின்சாரம் அல்ல. அழுத்தம் எந்த இடத்தில், எதனால் மின்சாரமாக மாறுகிறது?

நரம்பணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு உள்ளது. சோடியம் போன்ற மின்னூட்டம் பெற்ற துகள்கள் வெளியே மிகுதியாகவும் உள்ளே குறைவாகவும் இருக்குமாறு அச்சவ்வு காக்கிறது. அதில் புரதத்தால் ஆன நுண்ணிய வாயில்கள் பதிந்திருக்கின்றன. வாயில் திறந்தால் துகள்கள் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலே மின்குறிப்பாகும். ஆகவே, அழுத்தினால் திறக்கும் வாயில் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும் என்பதை அறிவியலாளர்கள் ஊகித்திருந்தனர். சூட்டினால் திறக்கும் வாயில் 1997இல் கிடைத்துவிட்டது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அதைக் கண்டுபிடித்தனர். மிளகாய் கடித்தால் வாய் ‘எரிவது’ ஏன் என்பதற்கும் அதில் விடை இருந்தது. அழுத்தத்தின் வாயில் மட்டும் அகப்படவில்லை.

அதைத் தேடியவர்களில் ஒருவர் ஆர்டெம் பட்டபூட்டியன். அவர் 1967இல் லெபனானின் பெய்ரூட் நகரில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் நடுவே வளர்ந்தார். 1986இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். கல்லூரியில் சேர்வதற்கு முன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தார்; ஆர்மீனிய நாளிதழ் ஒன்றுக்கு இராசிபலனும் எழுதினார். பிற்காலத்தில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் ஆய்வாளரானார்.

அவருடைய ஆய்வகத்தில் பெர்ட்ரண்ட் கோஸ்ட் என்பவர், கண்ணாடி ஊசியால் குத்தினால் சிறிய மின்குறிப்பைத் தரும் எலியின் உயிரணு வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அழுத்த வாயிலை உருவாக்கக்கூடிய மரபணுக்கள் என்று 72ஐப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொரு மரபணுவாக முடக்குவது, பிறகு உயிரணுவைக் குத்திப் பார்ப்பது என்று வேலை நடந்தது. மின்குறிப்பு வந்தால், முடக்கிய மரபணுவுக்கும் அழுத்தத்திற்கும் தொடர்பில்லை என்று பொருள். மின்குறிப்பு வந்துகொண்டே இருந்தது. மாதங்கள் ஓடின. பட்டியலின் 72ஆவது மரபணுவை முடக்கியபோதுதான் உயிரணு குத்தலுக்கு மௌனமானது. அந்த மரபணு தரும் புரதத்திற்கு, ‘அழுத்தம்’ எனும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘பீசோ1’ என்று பெயர் வைத்தார்கள். அதைப் போன்ற இன்னொன்று ‘பீசோ2’ ஆயிற்று. 2010இல் இந்தச் செய்தி வெளியானது. இப்புரதம் மூன்று இதழ் கொண்ட காற்றாடியின் வடிவில் சவ்வில் பதிந்து, சவ்வைக் கிண்ணம்போல் குழித்து வைத்திருக்கிறது. அழுத்தம் ஏற்பட்டுச் சவ்வு விரியும்போது கிண்ணம் தட்டையாகிறது. நடுவிலுள்ள வாயில் திறக்கிறது. 2021ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசை ஜூலியசும் பட்டபூட்டியனும் பகிர்ந்துகொண்டனர்.

புதிர் அவிழ்ந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால், அமெரிக்காவின் தேசியச் சுகாதார ஆய்வுக் கழகத்திற்கு வந்த சிலர் அந்த நினைப்பை மாற்றினர். பிறவியிலேயே பீசோ2 புரதம் செயல்படாதவர்கள் அவர்கள். 2016இல் அவர்களில் இருவரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஒருவருக்கு 9 வயது, மற்றவருக்கு 19. உள்ளங்கையில் வைத்த அதிர்வை அவர்களால் உணர முடியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் தங்கள் கைகால் எங்கு இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் தடுமாறினர். தொடுவுணர்வில் பெரும்பகுதி அவர்களிடம் இல்லை. இருந்தும், கடுமையாக அழுத்தினாலோ கிள்ளினாலோ அவர்களுக்கு வலித்தது! தொடுதலின் வாயில் மூடியிருந்தும் வலியின் வாயில் திறந்தே இருந்தது. ஷெரிங்டன் கருதியது போலவே இரண்டும் வெவ்வேறு வழிகள்.

பீசோ2 வலியில் வேறோர் இடத்தில் தலையிடுகிறது. 2018இல் வெளியான ஆய்வொன்றில் தோலின்மேல் கேப்சைசின் பூசப்பட்டது. மிளகாய் அரைத்த கையில் துணி உரசினால்கூட எரிவதை வீட்டில் பார்த்திருப்போம்; அதே நிலைதான். பொதுவாக மற்றவர்களுக்கு அப்போது மெல்லிய வருடலும் வலியாக மாறும். பீசோ2 இல்லாதவர்களுக்கு அப்படி மாறவில்லை. அடிபட்ட கணுக்கால் மறுநாள் வீங்கியிருக்கும்போது காலுறை பட்டாலே வலிக்கிறதே, அத்தகைய வலியில் இந்த வாயிலுக்குப் பங்கு உண்டு. வீக்கம் கண்ட இடத்தில் சிதைந்த உயிரணுக்கள் வெளிவிடும் பொருள்கள் வலியுணர் நரம்புகளை உசுப்பிவிடுகின்றன. அதுவரை உறங்கிக்கிடந்த சில நரம்புகளும் விழித்துக்கொள்கின்றன. காயம் ஆறும்வரை அந்த இடத்தை யாரும் தொடாமல், நாமும் அசைக்காமல் பார்த்துக்கொள்ள உடல் செய்யும் ஏற்பாடு இது.

ஊசிக் குத்தலையும் கிள்ளலையும் மின்சாரமாக மாற்றும் முதன்மை வாயில் எது என்னும் தேடல் இன்றும் தொடர்கிறது. அதில் 2019இல் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகம் தந்த செய்தி பலரையும் நிமிர வைத்தது. நரம்பிழைகளைச் சுற்றி ஷ்வான் எனப்படும் துணை உயிரணுக்கள் இருக்கின்றன. நரம்பைப் போர்த்திப் பாதுகாப்பது மட்டுமே அவற்றின் வேலை என்று கருதப்பட்டது. எலியின் தோலில் வலியுணர் நரம்பு முனைகளைத் தழுவி நிற்கும் ஒருவகை ஷ்வான் உயிரணுக்கள், குத்தலையும் அழுத்தத்தையும் தாமே உணர்ந்து நரம்புக்குத் தெரிவிக்கின்றன என்பதை அக்குழுவினர் காட்டினர். தொழுநோய்க் கிருமி நரம்புக்குள் புகுந்து குடியிருக்கும் இடமும் ஷ்வான் உயிரணுதான்.

வாயில் திறந்தால் மட்டும் போதாது. அங்கு எழும் சிறு மின்குறிப்பு பெரிதாகி நரம்பின் வழியே ஓட வேண்டும். அவ்வாறு பெரிதாக்குவதற்கு வேறு சில சோடிய வாயில்கள் உள்ளன. அவற்றில் ஒன்று பழுதானால் என்ன நேரும் என்பது 2006இல் வெளியான ஆய்வொன்றில் பதிவாகியுள்ளது. வடபாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிவந்தான். கைக்குள் கத்தியைச் செருகினான்; தணல்மேல் நடந்தான். அவனுக்கு எதுவும் வலிக்கவில்லை. காயத்திற்குக் கட்டுப்போட மருத்துவமனைக்கு அடிக்கடி வந்ததால் அங்குள்ளவர்கள் அவனை நன்கு அறிந்திருந்தனர். ஆய்வாளர்கள் அவனைச் சந்திப்பதற்கு முன்பே, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான். அப்போது அவனுக்கு ஏறத்தாழ 14 வயது. அவனுடைய உறவுக் குடும்பங்களில் இதே நிலையிலிருந்த அறுவரை ஆய்வாளர்கள் சோதித்தனர். தொடுதல், சூடு, குளிர், அழுத்தம் எல்லாவற்றையும் அவர்கள் சரியாகச் சொன்னார்கள். வலி மட்டும் இல்லை. ஒவ்வொருவர் நாக்கிலோ உதட்டிலோ குழந்தைப் பருவத்தில் தாமே கடித்துக்கொண்ட தழும்புகள் இருந்தன.

அழுத்தம் தெரிந்திருந்தும் அந்தக் குழந்தைகள் ஏன் கடிப்பதை நிறுத்தவில்லை? இதற்கான விடையைப் பால் பிராண்ட் வேறு வழியில் கண்டார். 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் பணியாற்றச் சென்றார். இழந்த நரம்புகளுக்கு ஈடாகச் செயற்கை வலி ஒன்றை உருவாக்க முடியும் என்று நம்பினார். பொறியாளர்களுடன் சேர்ந்து, அழுத்தத்தை அளக்கும் கருவிகள் பொருத்திய கையுறையைச் செய்தார். விசை மிகுந்தால் காதருகே ஒலி எழும். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. விளக்கு எரியும்படி மாற்றினார், அதையும் பொருட்படுத்தவில்லை. இறுதியில், உணர்வு மிஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி தரும்படி அமைத்தார். அது நன்றாகவே வலித்தது. ஆனால், இறுகிய திருகாணியைக் கழற்ற வேண்டும் என்றால் நோயாளி முதலில் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்தபின் மீண்டும் முடுக்கிவிட்டார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு பிராண்ட் அந்த முயற்சியைக் கைவிட்டார். விசையின் அளவைக் கருவி சரியாகவே சொன்னது. நிறுத்து என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம்தான் அதற்கு இல்லை. நம் வலிக்கு அணைக்கும் பொத்தான் நம் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

அவர் வேலூரில் தொடங்கிய எளிய வழிகளே நின்று பயன்தந்தன. நடக்கும்போது பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுந்தால், அது சிறிய அழுத்தமாக இருந்தாலும் சில ஆயிரம் அடிகளில் தோல் கன்றிப் புண்ணாகும். நலமானவர் தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்வார், உணர்விழந்தவர் மாற்றமாட்டார். ஆகவே, அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான இரப்பர்ச் செருப்புகள் அவர்களுக்காகச் செய்யப்பட்டன. ஒவ்வொரு நாள் மாலையிலும் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கமும் கற்றுத்தரப்பட்டது. நரம்பு பார்க்க வேண்டியதைக் கண் பார்த்தது.

இதே பழக்கம் இன்று வேறொரு நோயாளர் கூட்டத்திற்குத் தேவைப்படுகிறது. மலேசியாவில் 2019இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. பேச்சுவழக்கில் ‘இனிப்பு நீர்’ எனப்படும் இந்நோய் நாளடைவில் பாத நரம்புகளைச் சிதைக்கக்கூடும். செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லை உணராமல் நாள் முழுவதும் நடந்து, இரவில் காலுறையில் இரத்தக் கறையைக் கண்டபின் மருத்துவமனைக்கு வருபவர் உண்டு. புண் முற்றினால் காலையே எடுக்க நேரிடும்.

ஆதலால், நீரிழிவு நோயாளிகள் பரிசோதனைக்குச் செல்லும்போது தாதியர் ஒரு சிறு கருவியை எடுப்பதைக் காணலாம். கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். 10 கிராம் அளவு விசையைக் கொடுத்ததும் அது வளைந்துவிடும், அதற்குமேல் அழுத்தாது. கண்களை மூடிக்கொள்ளுமாறு தாத்தாவிடம் சொல்வார்கள். பாதத்தில் ஓரிடத்தில் இழையை வைத்து, அது வளையும்வரை அழுத்திவிட்டு எடுப்பார்கள். தெரிந்தால் தாத்தா ‘ஆம்’ என்பார். கட்டைவிரலின் அடியில் ஒருமுறை, பாதத்தின் முன்பகுதியில் சில முறை. ஏதேனும் ஓரிடத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் கண்களை மூடியபடியே காத்திருந்தால், தாதி அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொள்கிறார். பிறகு அவருடைய செருப்பைக் கையில் எடுத்து, உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கிறார்.